ஆய்வு மாணவருக்கு வேலைவழி: பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளருக்கான முழுமையான வழிகாட்டி

பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்பு மையம் இளநிலை மாணவரை மனத்தில் வைத்துத்தான் உருவாகியிருக்கும். இறுதியாண்டு, வரிசையாக வரும் நிறுவனங்கள், ஒரு பக்க ரெஸ்யூம், எழுத்துத் தேர்வு, நேர்காணல் என்று எல்லாமே அந்த ஓட்டத்துக்குத் தோதாக இருக்கும். அதே வாசலில் ஐந்தாம் ஆண்டு ஆய்வு மாணவர் ஒருவர் வந்து நின்றால், அவருக்கு என்ன கொடுப்பதென்று மையத்துக்குத் தெரியாது. என்ன கேட்பதென்று அவருக்கும் தெரியாது. இரண்டாம் முறை அவர் வரமாட்டார். "ஆய்வு மாணவர்களிடம் ஆர்வம் குறைவு" என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி ஏறிவிடும்.

இந்த இடைவெளியை அடைக்கப் பல இடங்களில் ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே ஆள்தான். சில இடங்களில் அதுவும் வேறொரு வேலையோடு சேர்த்துக் கொடுத்த கூடுதல் பொறுப்பு. அந்த நாற்காலியில் புதிதாக உட்கார்ந்தவருக்காக எழுதுகிறேன். நிகழ்ச்சி நடத்துவதுதான் இந்த வேலை என்று முதலில் தோன்றும். உண்மையில் நிகழ்ச்சி எளிது. மாணவரின் காலக்கணக்கும் நெறியாளரின் மனநிலையும்தான் கடினம். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் சுமாரான நிகழ்ச்சிகூடப் பலன் தரும். அமையாவிட்டால் எவ்வளவு பெரிய மேடை போட்டாலும் நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும்.

1. யாருக்காக வேலை செய்கிறோம்?

பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வாங்குங்கள்: துறை, பட்டம், சேர்ந்த ஆண்டு, முழுநேரமா பகுதிநேரமா, உதவித்தொகை எங்கிருந்து வருகிறது, வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். முதுநிலை, முனைவர் பட்டம் இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே 'ஆய்வு மாணவர்' என்கிறேன். பட்டியலைப் பார்த்ததுமே அப்படி ஒரே கூட்டம் இல்லை என்பது புரிந்துவிடும்.

ஓராண்டு முதுநிலைப் படிப்பில் சேர்ந்தவருக்கு மூச்சுவிட நேரமில்லை. வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே பெரிய நிறுவனங்களின் விண்ணப்பக் காலம் வந்துவிடும். இரண்டாண்டுப் படிப்புக்காரருக்கு நடுவில் ஒரு கோடை விடுமுறை கிடைக்கும், அதில்தான் இன்டர்ன்ஷிப். முனைவர் பட்ட மாணவருக்கோ முடியும் தேதி என்ற ஒன்றே உறுதியில்லை. ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு பகுதிநேரமாகப் படிப்பவருக்கு வேலை தேடித் தர வேண்டியதில்லை. பதவி உயர்வோ துறை மாற்றமோதான் அவர் கேள்வி. இந்த நால்வருக்கும் ஒரே அறிவிப்பை அனுப்பினால் நால்வருமே அதைத் திறக்காமல் விட்டுவிடுவார்கள்.

முதல் ஆண்டில் எல்லாரையும் எட்ட முயல வேண்டாம். எண்ணிக்கையில் பெரிய ஒரு பிரிவு, இதுவரை யாரும் கவனிக்காத ஒரு பிரிவு, இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. முடித்துப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

துறைத்தலைவரிடம் கேட்டால் சட்டென்று நான்கைந்து பெயர் சொல்வார். அந்த நான்கைந்து பேரும் பேராசிரியர்களாக இருப்பார்கள். மற்றவர்கள் அவர் நினைவிலேயே இருக்கமாட்டார்கள். ஆகவே இந்தத் தகவலை நீங்களே திரட்ட வேண்டும். பின்னால் வரும் எல்லாப் பேச்சுக்கும் இதுதான் கையிருப்பு.

திரட்ட நல்ல தருணம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள். அன்று மாணவர் எப்படியும் படிவங்களை நிரப்பியாக வேண்டும். அடுத்து எங்கே, என்ன பணி, தொடர்பில் இருக்க எந்த மின்னஞ்சல் என்று மூன்று கேள்விகளை அந்தப் படிவத்தோடு சேர்த்துவிடுங்கள். அமெரிக்காவில் 1957 முதல் ஆண்டுதோறும் நடக்கும் முனைவர் பட்டதாரிகள் கணக்கெடுப்பு இந்த உத்தியில்தான் ஓடுகிறது. பட்டம் வாங்கும் கட்டத்திலேயே கேட்டுவிடுவதால் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பதில் கிடைக்கிறது. ஆறு மாதம் கழித்து மின்னஞ்சலில் அனுப்பும் படிவத்துக்கு இதில் பாதி வந்தாலே பெரிது. அதற்குள் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியே மூடப்பட்டிருக்கும்.

பதில் தராதவர்களைக் கைவிட வேண்டாம். லிங்க்டின் பக்கம், ஆய்வுக்கட்டுரைகளில் தரும் பணியிட முகவரி, நெறியாளரின் நினைவு ஆகியவற்றிலிருந்தும் நிரப்பலாம். அமெரிக்கக் கல்லூரி, வேலைதருவோர் சங்கமான நேஸ் வகுத்த முறையில் இதற்கு இடமுண்டு. படிவத்துக்கு எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்று பார்க்காமல், எத்தனை பேரின் நிலை நமக்குத் தெரியும் என்று பார்க்கிறார்கள்.

எண்ணிக்கையை வெளியிடும்போது கை சுத்தமாக இருக்கட்டும். 40 பேர் முடித்தார்கள், 25 பேரின் நிலை தெரியும், அவர்களில் 20 பேர் வேலையில் இருக்கிறார்கள் என்றால், "80 விழுக்காடு" என்று மட்டும் போடுவது ஏமாற்று. "நிலை தெரிந்த 25 பேரில் 20" என்று எழுதுங்கள். விளம்பரப் பிரிவுக்குப் பிடிக்காது. மாணவர்கள் நம்புவார்கள்.

முனைவர் பட்டம் முடித்தவருக்கு ஆறு மாதக் கணக்கு போதவும் போதாது. பலர் அப்போது போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பின் செய்யும் தற்காலிக ஆய்வு) பணியில் இருப்பார்கள். அது ஒரு நிறுத்தம்தான், ஊர் வந்து சேரவில்லை. ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் மறுபடி பார்த்தால்தான் உண்மையான படம் கிடைக்கும்.

3. யார் எதற்குப் பொறுப்பு?

வேலைவாய்ப்பு மையம், ஆய்வுப் புலத் தலைமையகம், துறைகள், முன்னாள் மாணவர் அலுவலகம், வெளிநாட்டு மாணவர் அலுவலகம், நூலகம், மனநல ஆலோசனை மையம் என்று ஒவ்வொன்றும் இந்த வேலையின் ஒரு துண்டை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும், பெரும்பாலும் மற்றதற்குத் தெரியாமல். ஒரே நிறுவனத்தின் ஒரே அதிகாரிக்கு ஒரே வாரத்தில் மூன்று அலுவலகங்களிலிருந்து அழைப்பு போவது அபூர்வமல்ல. அவர் மூன்றுக்கும் பதில் போடமாட்டார்.

எல்லாரையும் ஒருமுறை உட்காரவைத்து ஒரு பக்கத் தாள் எழுதுங்கள். நிறுவனங்களோடு பேசுவது யார், முன்னாள் மாணவர் முகவரி யாரிடம், விசா கேள்விக்குப் பதில் சொல்வது யார், ஆய்வுக்கட்டுரைப் பட்டியலும் ஆர்கிட் எண்ணும் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாள எண்) கற்றுத்தருவது யார் (இதை நூலகத்துக்கே விட்டுவிடலாம், அவர்கள் நன்றாகச் செய்வார்கள்). ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு அலுவலகத்தின் பெயர் இருக்க வேண்டும். இரண்டு பெயர் இருந்தால் யாருமே செய்யமாட்டார்கள்.

விசா விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வெளிநாட்டு மாணவர் எத்தனை மணிநேரம் வேலை செய்யலாம், படிப்பு முடிந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்பதற்கு நீங்கள் வாய்வழியாகச் சொன்ன தவறான ஒரு பதில் ஒருவரின் எதிர்காலத்தையே கவிழ்த்துவிடும். தெரிந்திருந்தாலும் உரிய அலுவலகத்துக்கே அனுப்புங்கள்.

4. நெறியாளரைச் சேர்த்துக்கொள்வது

ஆய்வு மாணவரின் நேரம், உதவித்தொகை, பரிந்துரைக் கடிதம் மூன்றும் நெறியாளர் கையில். "பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை தேடுகிறேன்" என்று அவரிடம் சொல்லத் தயங்கும் மாணவர் உங்களிடம் வரவும் தயங்குவார். யாராவது பார்த்துவிட்டால்? எனவே முதல் ஏற்பாடு ரகசியம். சந்திப்பு நேரப் பதிவு துறையின் பொது நாட்காட்டியில் தெரியக் கூடாது. பதிவேட்டுக் குறிப்பை யார் படிக்கலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அதை முதல் சந்திப்பிலேயே மாணவரிடம் சொல்லிவிட வேண்டும். அறைக்கண்ணாடி வழியாக உள்ளே இருப்பது யார் என்று தாழ்வாரத்தில் போகிறவர்களுக்குத் தெரிந்தால், வேறு அறை கேளுங்கள். சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் இதனாலேயே வராமல் போகிறவர்கள் உண்டு.

நெறியாளர்களை எதிரிகளாக நினைக்கவும் வேண்டாம். பலருக்கு வெளியுலக வேலைகளைப் பற்றித் தெரியாது என்பதே சிக்கல்; தெரியாததைப் பற்றி மாணவர் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். துறைக் கூட்டத்தில் 10 நிமிடம் கேட்டு வாங்குங்கள். அங்கே சேவைகளின் பட்டியலை ஒப்பிக்காதீர்கள். இரண்டாம் படியில் திரட்டிய தகவலை, அந்தத் துறையின் கடந்த பத்தாண்டு மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற ஒரே படத்தை, திரையில் போடுங்கள். தங்கள் மாணவர்களின் பெயர்களைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். "அவன் அங்கேயா இருக்கிறான்?" என்று ஒருவர் கேட்டால் கூட்டம் உங்கள் பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: ஆண்டுக்கு ஒருமுறை மாணவரோடு உட்கார்ந்து வளர்ச்சித் திட்டம் பேச வேண்டும். இதற்குத் துணையும் உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகங்கள் தங்கள் நிதியில் இயங்கும் ஆய்வு மாணவர்களுக்கும் போஸ்ட்டாக்குகளுக்கும் இத்தகைய தனிநபர் வளர்ச்சித் திட்டம் (ஐடிபி) எப்படிப் பயன்படுகிறது என்று 2014 அக்டோபர் முதல் முன்னேற்ற அறிக்கையில் எழுதச் சொல்கின்றன. 2024 முதல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் தன் நிதியில் கணிசமாக ஆதரவு பெறுபவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் 2019-இல் திருத்தப்பட்ட ஆய்வாளர் உடன்படிக்கை, ஆய்வுப் பணியாளருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் தொழில் வளர்ச்சிக்கு ஒதுக்கச் சொல்கிறது. நிதி தருபவரே கேட்கிறார் என்றால் பேராசிரியர்கள் காது கொடுப்பார்கள்.

இந்தத் திட்டத்துக்கான படிவத்தை நீங்கள் புதிதாக எழுத வேண்டியதில்லை. அறிவியல் மாணவர்களுக்கு 2012-இல் வந்த மை ஐடிபி, வரலாறு, இலக்கியம் போன்ற கலைத் துறைகளுக்கும் சமூக அறிவியல் துறைகளுக்கும் 2017-இல் வந்த இமேஜின் பிஎச்டி இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. திறன், விருப்பம், மதிப்பு என்று கேள்வி கேட்டு, பொருந்தும் பணிகளைக் காட்டும். அவை காட்டும் பட்டியலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் பேச்சைத் தொடங்க மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு வேண்டுகோள்: மாணவர் நிரப்பிய தாள் முழுவதையும் நெறியாளர் பார்க்க வேண்டும் என்று விதி வைத்துவிடாதீர்கள். வைத்தால் எல்லாத் தாளிலும் "பேராசிரியர் ஆக விரும்புகிறேன்" என்றே இருக்கும்.

5. ஆய்வேட்டிலிருந்து பின்னோக்கிப் போடும் நாட்காட்டி

கல்வியாண்டை வைத்து நாட்காட்டி போட்டால் இளநிலை மாணவருக்குத்தான் பொருந்தும். முனைவர் பட்ட மாணவருக்கு வாய்மொழித் தேர்வு நடக்கலாம் என்று நினைக்கும் மாதத்தைக் கடைசியில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் பணி தேடுகிறவர் ஏறக்குறைய ஓராண்டு முன்னதாகவே தயாராக வேண்டும். பெரும்பாலான விளம்பரங்கள் ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் இடையில் வரும், பணியில் சேர்வது அடுத்த கல்வியாண்டில். பெரிய ஆலோசனை நிறுவனங்களும் உயர்பட்டதாரிகளை ஏறக்குறைய ஓராண்டு முன்பே தேர்ந்தெடுக்கின்றன. தொழில்துறை ஆய்வுப் பணிகளில் இதற்கு நேர்மாறு. இடம் காலியானதும் ஆள் தேவை; சில மாதங்களுக்கு மேல் காத்திருக்கமாட்டார்கள். அங்கே ஓராண்டு முன்பே விண்ணப்பித்தால் "முடித்துவிட்டு வாருங்கள்" என்ற பதில்தான் வரும். அரசுப் பணிகளில் பின்னணிச் சரிபார்ப்புக்கே மாதங்கள் ஓடும்.

இவற்றையெல்லாம் ஒரே தாளில், மாதவாரியாக, மூன்று நான்கு பாதைகளுக்கு வரைந்து வையுங்கள். நான் பார்த்தவரை மாணவர்கள் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளும் ஒரே தாள் இதுதான்.

முதல் இரண்டு ஆண்டு மாணவர்களிடம் வேலை பற்றிப் பேசினால் பயப்படுவார்கள். அவர்களுக்கு இரண்டே வேலை கொடுங்கள்: செய்ததை மாதம் ஒருமுறை ஒரு கோப்பில் குறித்துவைப்பது, வேறு துறையில் இருக்கும் ஒரு முன்னாள் மாணவரோடு பருவத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் பேசுவது. மூன்றாம் ஆண்டில் திறன் இடைவெளியைப் பார்க்கலாம். விண்ணப்பம், ரெஸ்யூம், சம்பளப் பேச்சு எல்லாம் கடைசி 18 மாதங்களில்.

6. நேருக்கு நேர் சந்திப்பு

45 நிமிடம் ஒதுக்குங்கள். இளநிலை மாணவருக்குப் போதும் 20 நிமிடம் இங்கே காணாது, ஏனென்றால் முதல் கால்மணி நேரம் "இத்தனை ஆண்டு படித்துவிட்டு வேறு வேலைக்குப் போவதா" என்ற ஆதங்கத்திலேயே போய்விடும். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஆதங்கம் மனச்சோர்வாகத் தெரிந்தால் ஆலோசனை மையத்துக்கு நீங்களே தொலைபேசியில் நேரம் வாங்கிக்கொடுப்பது நல்லது. எண்ணை எழுதிக் கையில் கொடுத்தால் பலர் அழைப்பதே இல்லை.

பெரும்பாலான சந்திப்பின் மையம் ஒரே காரியம்: ஏழெட்டுப் பக்க சிவியை (படிப்பு, ஆய்வு, கட்டுரை எல்லாவற்றையும் பட்டியலிடும் முழு விவரத்தை) இரண்டு பக்க ரெஸ்யூமாக மாற்றுவது. ஓர் எடுத்துக்காட்டு. சிவியில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

"ஆய்வேடு: நன்னீர் ஏரிகளில் பாசிப்பெருக்கமும் சத்துப்பொருள் ஏற்ற இறக்கமும்."

இதை வைத்துக்கொண்டு கேளுங்கள். எத்தனை ஏரி, எத்தனை ஆண்டு? பன்னிரண்டு ஏரி, நான்கு ஆண்டு. மாதிரி எவ்வளவு? மூவாயிரம் இருக்கும். தரவை எதில் போட்டீர்கள்? ஆர் என்ற நிரல்மொழியில், முன்கணிக்கும் நிரலை நானே எழுதினேன். கூட யார் வந்தார்கள்? மூன்று இளநிலை மாணவர்கள், நான்தான் பழக்கினேன். படகுக்கு, ஆய்வக உபகரணத்துக்குப் பணம்? நான்தான் செலவுத்திட்டம் போட்டேன். கடைசியில் யாராவது பயன்படுத்தினார்களா? நீர்வளத் துறையில் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது வரி இப்படியாகிறது:

"12 ஏரிகளில் 4 ஆண்டு களப்பணியைத் திட்டமிட்டு நடத்தி சுமார் 3,000 நீர்மாதிரிகளின் தரவைத் திரட்டினேன், பாசிப்பெருக்கத்தை முன்கணிக்கும் நிரலை ஆர் மொழியில் எழுதினேன், அதை நீர்வளத் துறை கேட்டுப் பெற்றது, 3 பேர் கொண்ட குழுவுக்குப் பயிற்சி அளித்துச் செலவுத்திட்டத்தையும் கவனித்தேன்."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மாணவர் இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பார். தான் செய்ததெல்லாம் ஒரு வேலை என்று அதுவரை அவருக்குத் தோன்றியிருக்காது. வரலாறு, இலக்கிய மாணவர்களுக்கும் இதே கேள்விகள்தான். ஏரிக்குப் பதில் ஆவணக்காப்பகம், மாதிரிக்குப் பதில் சிதறிக்கிடந்த கடிதங்கள். மாற்றி எழுதும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். கேள்வி உங்களுடையது, வாக்கியம் அவருடையதாக இருக்கட்டும். நேர்காணலில் அதைப் பற்றிப் பேசப்போவது அவர்தான்.

7. கூட்டு நிகழ்ச்சிகள்

குறைவாக நடத்துங்கள். தனியாக ஒரு மாலையில் பயிலரங்கு வைத்தால் ஆய்வகத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள். துறையின் வாராந்திரக் கருத்தரங்க நேரத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கினால் எல்லாரும் ஏற்கெனவே அங்கே இருப்பார்கள். மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டி உங்கள் வளாகத்தில் நடந்தால் அதோடு சேர்ந்துகொள்ளுங்கள். அதை 2008-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கியது. அசையாத ஒரே படவில்லை, மூன்று நிமிடம், பொதுமக்களுக்குப் புரியும் மொழி. "உங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற நேர்காணல் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

8. வேலை தருபவர்களை அழைப்பது

நூறு மேசை போட்ட வேலைவாய்ப்பு விழாவில் ஆய்வு மாணவர் தொலைந்துபோவார். மேசைக்குப் பின்னால் நிற்கும் மனிதவளப் பிரிவு இளைஞருக்கு முனைவர் பட்டதாரியை எந்த நிலையில் சேர்ப்பார்கள் என்பதே பல நேரம் தெரியாது. அதே நிறுவனத்தில் ஆய்வுப் பிரிவில் இருக்கும் ஒருவரை, முடிந்தால் உங்கள் முன்னாள் மாணவரை, பதினைந்து பேர் கொண்ட அறைக்கு அழையுங்கள். அன்றாடம் என்ன செய்கிறார், ஆய்வகத்திலிருந்து அங்கே போனபோது எது கடினமாக இருந்தது, சம்பளம் எந்த அளவில் என்று வெளிப்படையாகப் பேசச் சொல்லுங்கள்.

நிறுவனத்தை அழைக்கும் முன்பே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். முனைவர் பட்டம் தேவைப்படும் இடம் உண்மையில் இருக்கிறதா? வெளிநாட்டு மாணவரை எடுப்பீர்களா? எப்போது சேர வேண்டும்? இரண்டாம் கேள்விக்கு 'இல்லை' என்றால் அதை அறிவிப்பிலேயே போடுங்கள். மூன்று சுற்று நேர்காணல் முடிந்தபின் அதைக் கேட்டுத் திரும்பும் மாணவர் உங்களை மறுபடி நம்பமாட்டார்.

இன்டர்ன்ஷிப் ஏற்பாடு செய்யும்போது உதவித்தொகை விதியைப் பாருங்கள். வெளியே சம்பளம் வாங்கினால் தொகை நின்றுபோகும் திட்டங்கள் உண்டு. ஆய்வு முடிவு யாருக்குச் சொந்தம், கட்டுரையாக வெளியிடலாமா என்ற ஒப்பந்த வரிகளைப் பல்கலைக்கழகச் சட்டப்பிரிவு பார்க்கட்டும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை நான் விளம்பரப்படுத்தமாட்டேன். பத்தாண்டு படித்தவரிடம் இலவச உழைப்பு கேட்பவருக்கு நம் அறிவிப்புப் பலகையில் இடம் எதற்கு?

9. ஆண்டு முடிவில்

எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை நிர்வாகம் கேட்கும், கொடுங்கள். உங்களுக்காக வேறொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள், எந்தத் துறையிலிருந்து ஒருவர்கூட வரவில்லை, படிப்பை முடிக்க 18 மாதங்களுக்கும் மேல் இருக்கும்போதே வந்தவர்கள் எத்தனை பேர். கடைசி எண் ஆண்டுக்கு ஆண்டு ஏறினால் நெறியாளர்கள் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒவ்வோராண்டும் ஒரு நிகழ்ச்சியையாவது நிறுத்துங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் பழையதும் ஓடிக்கொண்டே இருந்தால், நேருக்கு நேர் சந்திப்புக்கான நேரம்தான் அடிவாங்கும். நிறுவனத் தொடர்புகள், எந்தத் துறையில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும், எந்த மாதத்தில் எந்தப் படிவம் என்பதையெல்லாம் பொதுக்கோப்பில் எழுதிவையுங்கள். இந்தப் பணியில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். அடுத்து வருபவர் முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கும்படி விட்டுவிட்டுப் போகக் கூடாது.